ஆளிழந்த கோம்பை நாய்

தேனி மாவட்டத்தின் தென்மேற்கில், ஏலமலைத் தொடருக்கும் மேகமலை, வருசநாட்டு மலைகளுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கு இன்று முல்லையாற்றுப் பாசனத்தாலும் பன்னீர் திராட்சையாலும் அறியப்படுகிறது என்றாலும், அதன் மேற்கு விளிம்பில், இராமக்கல்மெட்டுக்குக் கீழே மலையடிவாரத்தில் அமைந்த கோம்பை என்னும் ஊர், தென்னிந்தியக் காவல்நாய் இனங்களுள் முதன்மையான ஒன்றுக்குத் தன் பெயரைத் தந்திருக்கிறது. செவலை நிறமும் கருமூஞ்சியும் அகன்ற தாடையும் ஏறத்தாழ இரண்டடி உயரமும் கொண்ட கோம்பை நாயின் துணிவைப் பற்றியும் வேட்டைத் திறனைப் பற்றியும் எழுதப்பட்டவை பலவாக இருக்க, வளர்த்த ஆள் இறந்தபின் அந்த நாய் யாரிடம் போய்ச் சேர்ந்தது, அதன் துயரை யார் பொறுத்துக்கொண்டார்கள் என்னும் வினாவுக்கு அவ்வெழுத்துகளில் கிடைத்த இடம் மிகச் சிறிது. இப்பள்ளத்தாக்கின் பழைய சமூக அமைப்பில் பெரிய நாய் ஓர் ஆளின் உடைமையாக இருந்ததோடு, ஜமீன் அரண்மனை, மாட்டுத்தொழு, மலைக்காவல் ஆகியவற்றின் உறுப்பாகவும் இருந்தது என்பதையும், அந்த அமைப்புகள் ஒவ்வொன்றாகக் கலைந்த பின்னரே ஆளிழந்த நாய்க்கு வேறு வீடு தேடுவது தனித்தனிக் குடும்பங்களின் சிக்கலாக மாறியது என்பதையும் வரலாற்றின் வழியே காணலாம்.

மதுரை நாயக்கர் ஆட்சியில் நாடு பாளையங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பாளையத்துக்கும் வரி தண்டவும் படை திரட்டவும் ஒரு தலைவர் அமர்த்தப்பட்டபோது, பள்ளத்தாக்கின் மலையடி ஊர்கள் சிலவும் பாளையங்களாயின. கோம்பைப் பாளையம் கன்னடம் பேசும் காப்பிலியர் குடியினரின் கையில் இருந்தது. வேளாண்மையும் மாடு வளர்ப்பும் தொழிலாகக் கொண்ட இக்குடியினர் கன்னட நாட்டிலிருந்து தெற்கே வந்து இங்கு நிலைத்தவர்கள். கேரள மலைக்கு ஏறும் வழியின் அடியில் இருந்த ஊர் என்பதால், காட்டுவிலங்குகளிடமிருந்து விளைச்சலையும் புலியிடமிருந்து மாட்டையும் திருடரிடமிருந்து வீட்டையும் காப்பது அங்கே அன்றாட வேலையாக இருந்தது. அந்த வேலையே கோம்பை நாயின் உடலையும் குணத்தையும் வார்த்தது. தனக்குச் சோறு போடுகிற ஓரிருவரைத் தவிர வேறு எவரையும் எளிதில் அண்டவிடாத இயல்பு அந்நாயின் குற்றமாக இன்று பேசப்படுவதுண்டு. காவலுக்கென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட விலங்கிடம் அந்த இயல்பைத்தான் வளர்த்தவர்கள் விரும்பினார்கள். அதே இயல்புதான், வளர்த்தவர் மறைந்த நாளில் நாய்க்குப் பெருந்துன்பமாகவும் ஆகிறது.

நாய், மாடு, காவல், சாவு ஆகிய நான்கும் இந்நிலப்பகுதியில் எவ்வளவு காலமாகப் பிணைந்து கிடக்கின்றன என்பதற்கு நடுகற்கள் சான்று தருகின்றன. நடுகல் என்பது பூசலில் இறந்துபட்டவரின் நினைவாக நட்டு வழிபடப்பட்ட கல். தமிழ் இலக்கண மரபு, பகைவரின் ஆநிரையைக் கவர்ந்துவருவதை வெட்சி என்றும், கவரப்பட்ட நிரையை மீட்பதைக் கரந்தை என்றும் வகுத்திருக்க, இவ்விரு செயல்களிலும் உயிர்விட்டவர்களுக்கே மிகுதியான நடுகற்கள் எடுக்கப்பட்டுள்ளன. ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த மூன்று நடுகற்கள் தமிழ்ப் பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்டவை. தமிழ்நாட்டில் இதுவரை அறியப்பட்ட எழுத்துடைய நடுகற்களுள் மிகப் பழமையானவையாக அவை கருதப்படுகின்றன. அவற்றுள் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு கவரும் பூசலில், இறந்த ஒருவனுக்காக எடுக்கப்பட்டது. அந்தக் கூடலூர் இன்றைய கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில் உள்ள கூடலூராக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. மாட்டுக்காக மனிதர் உயிர்விடும் நிலமாக இப்பள்ளத்தாக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வந்திருக்கிறது என்றால், அந்த மாட்டைக் காக்கும் நாய்க்கு அங்கே என்ன மதிப்பு இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

புலிமான்கோம்பைக் கல் நாயைப் பற்றி ஏதும் சொல்லவில்லை. நாயைச் சொல்லும் கல் வடக்கே, திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூரில் இருக்கிறது. பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், எடுக்கப்பட்ட அந்த நடுகல், எருமைகளைக் காக்கும் பூசலில் பட்ட கருந்தேவகத்தி என்னும் வீரனைக் காட்டுவதோடு, அவன் அருகில் ஒரு நாயையும் செதுக்கிக் காட்டுகிறது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு தனியே பதிவு செய்கிறது. தன் ஆள் விழுந்த பின்னும் இடத்தைவிட்டு அகலாமல் நின்ற ஒரு நாயின் நடத்தையை, அதன் சொந்தப் பெயரோடு, அரசனின் ஆட்சியாண்டு குறித்து எழுதவேண்டிய செய்தியாக ஒரு சிற்றூர் கருதியிருக்கிறது. அரசர் பெயரும் கொடையும் வரியும் நிரம்பிய கல்வெட்டு உலகில் ஒரு வளர்ப்பு நாய்க்குக் கிடைத்த இந்த இடம், தமிழர் வரலாற்றில் பாடநூல்கள் வரை சென்றிருக்க வேண்டிய அளவு அரியது.

கோவிவனின் கல் காத்து நின்ற நாயைச் சொல்கிறது. நாய் ஒன்று கைமாறியதையும் புதிய தலைவனிடம் அது பெற்ற மதிப்பையும் சொல்வது கர்நாடகத்தின் மண்டியாப் பகுதியைச் சேர்ந்த ஆதகூர்க் கல்வெட்டு. சோழ இளவரசன் இராசாதித்தன் உயிரிழந்த தக்கோலப் போரை அடுத்து, கி.பி. 949-950 அளவில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டின்படி, கங்க மன்னன் இரண்டாம் பூதுகனைச் சேர்ந்த மணலேரன் என்னும் வீரனின் ஆற்றலை மெச்சி, வேண்டுவதைக் கேள் என்று அரசன் சொன்னபோது, அவன் நிலத்தையோ பொன்னையோ கேளாமல் காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். அந்த நாய் பின்னர் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு பொருது, பன்றியும் தானுமாக இறந்தது. அதற்காக ஆதகூரின் சல்லேசுவரர் கோயில் முன் கல் நடப்பட்டு, வழிபாட்டுக்கு நிலமும் விடப்பட்டது. அரண்மனையிலிருந்து ஒரு வீரனின் வீட்டுக்கு மாறிய நாய், கேட்டுப் பெறப்பட்ட நாய் என்பதே இங்குக் கருதத்தக்கது. கொடுப்பவர் தள்ளிவிடும் நாய்க்கும் பெறுபவர் விரும்பிக் கேட்கும் நாய்க்கும் இடையே உள்ள வேறுபாடு, பத்தாம் நூற்றாண்டில் எவ்வளவு பெரியதாக இருந்ததோ அவ்வளவு பெரியதாகவே இன்றும் இருக்கிறது. காப்பிலியரின் முன்னோர் புறப்பட்டு வந்ததும் கன்னட நிலத்திலிருந்தே என்பதால், இக்கல்வெட்டு கோம்பையின் வரலாற்றுக்கு முற்றிலும் அயலானதும் அன்று.

விலங்கொன்று இறந்தால் அதன் இடம் என்ன ஆகும் என்பதைத் தற்செயலுக்கு விடாமல் முறையாக ஏற்பாடு செய்த ஒரு வழக்கம் இப்பள்ளத்தாக்கிலேயே உண்டு. கம்பத்தில் உள்ள தம்பிரான் மாட்டுத்தொழு, காப்பிலியர் குடியின் பொதுச்சொத்தான புனித மாட்டு மந்தையின் இருப்பிடமாகும். தொழு என்பது மாடுகளை அடைக்கும் பட்டி, தம்பிரான் மாடு என்பது கடவுளுக்கு விடப்பட்ட மாடு. இதன் தலைமைக் காளை பட்டத்துக்காளை எனப்படுகிறது. 1906இல் வெளிவந்த மதுரை மாவட்ட விவரச்சுவடியில் டபிள்யூ. பிரான்சிஸ் இவ்வழக்கத்தை விரிவாக விவரித்துள்ளார். பட்டத்துக்காளை இறந்தால், தை மாதத்தில் நல்லநாள் பார்த்து மந்தையைக் கூட்டி, அதன் முன் கரும்புக்கட்டை வைப்பார்கள். எந்தக் காளை தானாக முன்வந்து கரும்பைத் தின்கிறதோ அதற்கே மஞ்சளும் குங்குமமும் இட்டு மாலை சூட்டிப் பட்டம் கட்டுவார்கள். இங்கே மனிதர்கள் தேர்வைச் சுமத்துவதில்லை. விலங்கு தன் விருப்பத்தைக் காட்டும்வரை காத்திருக்கிறார்கள். மாட்டுப்பொங்கல் நாளில் இத்தொழுவில் இன்றும் திரளான மக்கள் கூடி வழிபடுகின்றனர். ஒரு மந்தை தன் தலைவனை இழந்தால் அந்த இழப்பை ஊர் முழுவதும் ஏற்றுச் சடங்காக்கிய இச்சமூகத்தில், தொழுவைக் காத்த நாய் தன் ஆளை இழந்தால் தொழுவிலேயே அடுத்த மேய்ப்பரின் கையில் வளர்வது இயல்பான தொடர்ச்சியே. மந்தை அதே மந்தை, பட்டி அதே பட்டி, மலைப்பாதையும் பழகிய பாதை. மாறுவது சோறு வைக்கும் கை ஒன்றே.

இந்தத் தொடர்ச்சி அறுந்த கதை படிப்படியாக நடந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் மலைக்காடுகளை அரசின் ஒதுக்குக்காடுகளாக்கி, வேட்டைக்கும் மேய்ச்சலுக்கும் அனுமதி பெறவேண்டிய நிலையை உண்டாக்கிற்று. 1895இல் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீர் சுரங்கவழியாகப் பள்ளத்தாக்கில் இறங்கியபின், மாட்டையும் மானாவாரியையும் நம்பியிருந்த ஊர்கள் நெல்விளையும் ஊர்களாயின. நிலத்தின் மதிப்பு ஏற ஏற மேய்ச்சல் நிலம் சுருங்கியது. பழைய பாளையங்களின் தொடர்ச்சியான ஜமீன்களை ஒழித்த 1948ஆம் ஆண்டின் சட்டம் உழவருக்குச் செய்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. உழுதவர் கைக்கு நிலத்தைக் கொண்டுவந்த அச்சட்டம் வேண்டப்பட்ட ஒன்று. ஆனால் அரண்மனைகளின் வருவாய் நின்றதும், அவை கட்டிக் காத்த யானைகள், குதிரைகள், நாய்கள் ஆகியவற்றுக்குத் தீனி போடும் அமைப்பும் நின்றுபோயிற்று என்பதை வரலாறு எழுதுவோர் கணக்கில் எடுக்கவில்லை. காவல்நாய் மலையடி ஊர்களின் சாதாரண வீடுகளுக்கும், ஏலத்தோட்டங்களுக்கும், தோப்புகளுக்கும் பரவிச் சென்றது. இனம் பிழைத்தது அதனால்தான் என்றாலும், அரண்மனை என்ற நிலையான முகவரி அதற்கு அத்தோடு போயிற்று.

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் வேட்டையை முற்றிலுமாகத் தடுத்தபோது, பன்றிவேட்டைக்கென்று பழக்கப்பட்ட நாய்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று. காடும் விலங்கும் தப்பிப் பிழைக்க அத்தடை தேவைப்பட்டது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்ப்பதைத் தடுத்து ஆணையிட்டு, அதே மாதத்தில் அத்தடையைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றுக்கு உரியதாகச் சுருக்கியது. மேகமலைப் பகுதியில் மலைமாடு மேய்த்துவந்த குடும்பங்களை இந்த ஆணை நேரடியாகத் தாக்கியது. மலைமாடு என்பது கொட்டகையில் தீனி வைத்து வளர்க்கப்படாமல், கூட்டமாகக் காட்டுக்குள் ஓட்டிச்சென்று மேய்க்கப்படும் நாட்டு மாட்டினம். அந்த மந்தையை விற்றுவிட்ட வீட்டில், மந்தையோடு திரிந்த நாய்க்குச் செய்வதற்கு ஏதுமில்லை. ஆள் உயிரோடு இருந்தும் தன் உலகை இழந்த நாய் அது. இழப்பு என்பது சாவினால் மட்டும் வருவதன்று என்பதை இவ்விடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும்.

நாட்டு நாய்களைக் காப்பதில் அரசின் முயற்சிகள் இல்லாமல் இல்லை. சென்னை சைதாப்பேட்டையில் 1980-81இல் தொடங்கப்பட்ட கால்நடைப் பராமரிப்புத் துறையின் நாய் இனப்பெருக்கப் பிரிவு, ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை ஆகிய இனங்களின் குட்டிகளை வளர்த்து மக்களுக்கு விற்றது. அதற்கு முன்பே 1963இல் டபிள்யூ. வி. சோமன் இந்திய நாய்களைப் பற்றி எழுதிய நூல் இவ்வினங்களை நகரத்து வாசகருக்கு அறிமுகம் செய்திருந்தது. 2017இல் தியடோர் பாஸ்கரனின் நூல் அந்த ஆர்வத்தைப் புதுப்பித்தது. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளில் ராஜபாளையம் இடம்பெற்றது, கோம்பை இடம்பெறவில்லை. தேசிய விலங்கு மரபு வள அமைப்பு முதன்முதலில் நாய் இனங்களைப் பதிவு செய்தபோதும் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகிய மூன்றே இடம்பெற்றன. 2020 ஆகஸ்டு 30 அன்று பிரதமர் தம் வானொலி உரையில் நாட்டு நாய்களை வளர்க்குமாறு கேட்டுக்கொண்டு கோம்பையின் பெயரையும் சொன்னார். இம்முயற்சிகள் அனைத்தும் குட்டியை நோக்கியவை. இனத்தைப் பெருக்குவதும் விற்பதும் அவற்றின் குறிக்கோள். எட்டு வயதில் ஆளை இழந்து வாசலில் படுத்துக் கிடக்கும் வளர்ந்த நாயைப் பற்றிய சிந்தனைக்கு அவற்றில் இடமில்லை. வளர்ந்த கோம்பையை ஏற்க ஆள் கிடைப்பது குட்டிக்கு ஆள் கிடைப்பதைவிடப் பன்மடங்கு கடினம் என்பதை நாய் வளர்க்கும் எவரும் அறிவர்.

அத்தகைய நாயின் துயரம் மனிதர் கற்பித்துச் சொல்லும் ஒன்றன்று. 2022இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, உடன் வளர்ந்த நாயை இழந்த நாய்களை வைத்திருந்த 426 பேரிடம் செய்திகளைத் திரட்டி, எஞ்சிய நாய்கள் விளையாட்டையும் உணவையும் குறைத்துக்கொண்டு, மிகுதியாக உறங்கி, அச்சம் மிகுந்து, ஆளை நாடித் திரிந்தன என்று காட்டியது. ஆளை இழந்த நாயின் வரலாற்றில் உலகறிந்தது ஜப்பானின் ஹச்சிகோ. தோக்கியோ பல்கலைக்கழகத்தின் வேளாண் பேராசிரியர் உவேனோ 1925 மே மாதத்தில் திடீரென இறந்தபோது, பெரிய உடலமைப்பு கொண்ட அகிதா இனத்தைச் சேர்ந்த அந்நாய்க்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. சிபுயா ரயில் நிலையத்தில் அது ஏறத்தாழப் பத்தாண்டுகள் காத்திருந்த கதையே பரவலாகச் சொல்லப்படுகிறது. அதைவிடப் பயன்தரும் பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பேராசிரியரின் மறைவுக்குப் பின் நாய் உறவினர், தெரிந்தவர் வீடுகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பப்பட்டு எங்கும் தங்காமல், இறுதியில் பழைய வீட்டுத் தோட்டக்காரர் கோபயாஷியின் வீட்டுக்கு வந்த பிறகே ஓரளவு நிலைகொண்டது. கோபயாஷி அதைக் குட்டியாக இருந்த காலத்திலிருந்தே அறிந்தவர். அவர் வீடு சிபுயாவுக்கு அருகில் இருந்தது. தெரிந்த முகமும் தெரிந்த தெருவும் தூரத்து வீட்டின் வசதிகளைவிட அந்நாய்க்குப் பெரிதாக இருந்தன. தொழுவில் அடுத்த மேய்ப்பரிடம் வளர்ந்த நாய்க்கு இயல்பாகவே கிடைத்தவை இவ்விரண்டும்தான்.

இந்தியச் சட்டத்தின் பார்வையில் நாய் உடைமை. உடையவர் இறந்தால் மற்ற உடைமைகளைப் போலவே வாரிசுகளைச் சேரும். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றமாக்குகிறது. ஆனால் முதல் முறை செய்தால் அதற்குரிய தண்டம் பத்து ரூபாய்க்குக் குறையாமலும் ஐம்பது ரூபாய்க்கு மிகாமலும் என்ற அளவிலேயே நிற்கிறது. 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் வளர்ப்பாளர் பதிவு செய்துகொள்ள வேண்டும், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்பன போன்ற நல்ல கட்டுப்பாடுகளைக் கொண்டவை. அவையும் பெரும்பாலும் நாயின் வாழ்வின் தொடக்கத்தையே கவனிக்கின்றன. ஆகவே தந்தையார் வளர்த்த கோம்பையை என்ன செய்வது என்று தெரியாமல் திகைக்கும் மகனுக்கோ மகளுக்கோ, சட்டம் ஒரு கடமையைச் சொல்கிறதே தவிர வழியைச் சொல்லவில்லை. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் அடுக்ககத்து வீட்டுக்கு அந்நாயைக் கொண்டுபோவது நாய்க்கும் நல்லதன்று, அக்கம்பக்கத்தாருக்கும் நல்லதன்று. ஓடித்திரிய இடமும் காக்க ஓர் எல்லையும் இல்லாத கோம்பை, துயரத்தோடு சினத்தையும் சேர்த்துக்கொள்ளும்.

வரலாறு காட்டும் வழி இவ்விடத்தில் தெளிவானது. பள்ளத்தாக்கின் நாயைப் பள்ளத்தாக்கிலேயே வைக்க வேண்டும். இறந்தவரோடு தோட்டத்திலோ தோப்பிலோ வேலை செய்தவர், நாய் ஏற்கெனவே முகம் அறிந்தவர், அதைப் பொறுப்பேற்க முதல் தகுதி உடையவர். அத்தகையவர் இல்லாதபோது புதியவர் பலமுறை பழைய வீட்டுக்கே வந்து, அங்கேயே சோறு வைத்துப் பழகி, அதன்பிறகே அழைத்துச்செல்ல வேண்டும். அழைத்துச்சென்ற பின்னும், பழைய வாசலைத் தேடி ஓடிவிடாதபடி வாரக்கணக்கில் சங்கிலியோடு நடத்தி, இறந்தவரின் துண்டையோ போர்வையையோ அதன் படுக்கையில் விட்டு, தானாக அருகில் வரும்வரை தொட்டுக் கொஞ்சாமல் பொறுக்க வேண்டும். கரும்புக்கட்டின் முன் காத்திருந்த கம்பத்துக்காரர்கள் அறிந்த பொறுமையே இதற்கும் வேண்டியது. சோறு தொடாத நாள்கள் நீண்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது கட்டாயம். துயரம் என்று எண்ணப்படுவது நோயாகவும் இருக்கக்கூடும்.

கோம்பையின் பெயரைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மாவட்டம் இதைக் குடும்பங்களின் தலையில் மட்டும் கட்டிவிடுவது சரியன்று. கால்நடை மருந்தகங்களில் ஆளிழந்த நாய்களின் பெயரையும், வளர்ந்த நாயை ஏற்க முன்வரும் தோட்டக்காரர்களின் பெயரையும் எழுதிவைக்க ஒரு பதிவேடு போதும். அதற்குப் புதிய கட்டடமோ பெருந்தொகையோ தேவையில்லை. குட்டி விற்பவர்கள், தாங்கள் விற்ற நாய் ஆளிழந்தால் திரும்ப ஏற்பதாக எழுதித்தர முன்வர வேண்டும். கோம்பைக் குட்டி வாங்க நினைக்கும் எவரும், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழக்கூடிய அந்நாயைத் தமக்குப் பின் யார் வைத்துக்கொள்வார் என்பதை, வாங்கும் நாளிலேயே வீட்டாரோடு பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.